காஞ்சியில் வாங்கிய பட்டாளம்

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காகப் போகிறார்கள். ஒன்று ஸ்வாமி தரிசனம். மற்றொன்று பட்டுப் புடவை. இவ்விரண்டையும் ஒரே பகலில் முடித்துக்கொண்டு, கோயில் இட்டிலியையும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு, சாயங்கால வண்டியில் திரும்பிவிடுவார்கள். சென்ற நவராத்திரிக்கு முன்பு நான் அந்நகருக்குப் போனது மூன்றாவது காரியம் ஒன்றுக்காக. ஒரு பட்டாளத்தை விலைக்கு வாங்குவதற்காகப் போனேன்!

வாசகர்கள் பயப்பட வேண்டாம். பட்டாளத்தில் இருந்த வீரர்கள் மொத்தம் 98 பேர். ஒவ்வொருவனுடைய உயரமும் மூன்று அங்குலம்.

சின்னக் காஞ்சிபுரத்தில் குடித்தனம் இருக்கும் என் தங்கையின் புத்திரனுக்குப் பதின்மூன்று வயது. மற்றப் பையன்கள் கிரிக்கெட் மட்டையும் கையுமாகத் திரியும்போது, இவன் மட்டும் பொம்மைச் சிப்பாய்களைச் சேர்ப்பதும், அவர்களுக்கு வர்ணம் தீட்டுவதும், கூடத்தில் அணிவகுத்து நிறுத்திச் சண்டை நடத்துவதுமாக இருக்கிறான். அந்த ஆடி மாதத்தில் அவனிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. 1780-ஆம் வருஷத்துப் புள்ளலூர் யுத்தத்தை நவராத்திரிக் கொலுவில் வைக்கப் போவதாகவும், ஒரு பொம்மைக்கு நூறு பேர் என்ற கணக்கில் கர்னல் பெய்லியின் படைக்கு 38 பொம்மைகள் வேண்டுமென்றும், அதே கணக்கில் ஹைதர் அலிக்கு 800 பொம்மைகள் வேண்டுமென்றும் எழுதியிருந்தான். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் சம்பளத்தில் ஹைதர் அலியின் சைன்யத்தைப் பராமரிக்க இயலாது என்று பதில் எழுதினேன். கடைசியில் ஹைதருக்கு 60 என்று சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. காலாண்டுப் பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடித்ததும் புறப்பட்டுவிட்டேன்.

போய்ச் சேர்ந்ததும் என் தங்கை சண்டைக்கு வந்தாள். "ஏன் அண்ணா, காந்தி மகாத்மா பொம்மை வைக்கிற கொலுவிலே துப்பாக்கிச் சிப்பாயை வைக்கலாமா? பையனை நீதான் கெடுக்கிறே" என்றாள். நியாயமான கேள்விதான். நான் சொன்ன சமாதானத்தை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன்.

இந்தப் பொழுதுபோக்கு உலகத்தில் பெரிய மனிதர்களையெல்லாம் பிடித்து ஆட்டியிருக்கிறது. 'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்ஸன், 1881-82-ஆம் வருஷக் குளிர்காலத்தில், ஸ்விட்ஸர்லாந்து தேசத்து டாவோஸ் நகரில் தம் மனைவியின் மகனோடு தரையில் படுத்துக்கொண்டு ஈயச் சிப்பாய்களை வைத்து யுத்தம் நடத்தினார். 1893-இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் கம்பெனியார் ஒரு தந்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் மட்டும் இறுகியவுடன் மிச்சத்தை வெளியே கொட்டிவிடுவார்கள். உள்ளே கூடாக உள்ள சிப்பாய் கிடைப்பான். ஈயம் மிச்சம், எடை குறைவு, விலையும் குறைவு. அதுவரையில் ஜெர்மானியர் கையில் இருந்த வியாபாரம் இங்கிலீஷ்காரர் கைக்கு மாறிற்று. பிறகு எச். ஜி. வெல்ஸ் 1913-இல் இந்த விளையாட்டுக்கென்றே விதிகள் வகுத்து 'சின்னச் சண்டைகள்' என்ற பொருள்படும் பெயருடன் ஒரு புத்தகம் வெளியிட்டார். வெல்ஸ் யுத்த வெறியர் அல்லர். பொம்மைச் சண்டையை நாலு தடவை நடத்திப் பார்த்தவனுக்கு, உண்மை யுத்தம் எவ்வளவு குளறுபடியான காரியம் என்பது விளங்கிவிடும் என்பதே அவருடைய வாதம். அடுத்த வருஷமே ஐரோப்பாவில் மகாயுத்தம் மூண்டது. பொம்மை வைத்து விளையாட வேண்டியவர்கள் அப்போது மந்திரிகளாக இருந்துவிட்டார்கள் போலும்.

"சதுரங்கம் கண்டுபிடித்த தேசம் நம்முடையது. யானை, குதிரை, தேர், காலாள் எல்லாவற்றையும் ஒரு பலகைக்குள் அடக்கியவர்களுக்கு இதில் என்ன வெட்கம்?" என்றும் சேர்த்துச் சொன்னேன். என் தங்கை திருப்தி அடைந்ததாகத் தெரியவில்லை. "சரி, சரி, பொம்மையை வாங்கிண்டு வா, பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

பொம்மைக்காரத் தெரு

வரதராஜப் பெருமாள் கோயிலுக்குச் சமீபத்தில் அஸ்தகிரித் தெரு என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் சிலர் விழிப்பார்கள். பொம்மைக்காரத் தெரு என்றால் குழந்தையும் வழி காட்டும். தலைமுறை தலைமுறையாகக் கொலுப் பொம்மை செய்யும் குடும்பங்கள் வாழும் தெரு அது. திண்ணையில் தசாவதாரம், வாசற்படியில் அஷ்டலக்ஷ்மி, மொட்டை மாடியில் தலையில்லாத செட்டியார் பொம்மைகள் ஒரு வரிசை வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். 2019-ஆம் வருஷத்தில், நாற்பது ஆண்டுகளுக்கொரு முறை நீரிலிருந்து எழுந்தருளும் அத்திவரதர் தரிசனம் தந்தாரல்லவா? அதன் பிறகு சயனத் திருக்கோலத்தில் ஒன்றும் நின்ற திருக்கோலத்தில் ஒன்றுமாக அத்திவரதர் பொம்மைகளும் இத்தெருவிலிருந்து ஊர் ஊராகப் புறப்பட்டன.

இங்கே களிமண் பொம்மையும் உண்டு. காகிதக் கூழ்ப் பொம்மையும் உண்டு. கூழ்ப் பொம்மை செய்யும் விதத்தைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாயிருந்தது. பழைய காகிதத்தை ஊறவைத்து இடித்து, பசையும் சுண்ணத்தூளும் சேர்த்துப் பிசைகிறார்கள். முன்பாதிக்கு ஓர் அச்சு, பின்பாதிக்கு ஓர் அச்சு. கூழை அச்சுக்குள் விரலால் ஒற்றி ஒற்றி அப்பி, காயவைத்து எடுத்து, இரண்டு பாதிகளையும் ஒட்டுகிறார்கள். உள்ளே வெறும் கூடு. லண்டன்காரர்கள் 1893-இல் ஈயத்தில் சாதித்த காரியத்தையே இவர்கள் காகிதத்தில் செய்கிறார்கள்! பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உடம்பு முழுவதும் வெள்ளை பூசி, அது காய்ந்த பின்னரே வர்ணம். ஈயச் சிப்பாய்க்கு வர்ணம் தீட்டும் மேல்நாட்டாரும் முதலில் ஒரே நிறத்தில் அடிப்பூச்சுப் பூசுகிறார்கள். அது இல்லாவிட்டால் மேல் வர்ணம் பிடிக்காது.

எங்கள் பட்டாளத்தைச் செய்தவர் அறுபது வயதைத் தாண்டிய பெரியவர். நான் போனபோது உடம்பெல்லாம் வர்ணம் தீட்டி முடிந்து, 98 பேரும் பலகைமேல் நின்றுகொண்டிருந்தார்கள். ஆனால் ஒருவனுக்கும் கண் இல்லை. முகங்களும் வெள்ளையாகவே இருந்தன.

"உங்களுக்காகத்தான் காத்திருந்தேன், வாத்தியார் ஐயா. இந்தச் சிவப்புச் சட்டைக்காரங்க கும்பினி ஆளுங்கன்னு தம்பி சொல்லிச்சு. அப்ப முகத்துக்கு வெள்ளைக்காரன் நிறம் போடறதா, நம்ம நிறம் போடறதா?" என்று கேட்டார்.

நான் ஒரு கணம் பதில் சொல்லாமல் இருந்தேன். பெய்லியின் படையில் சுமார் 3,800 பேர். அவர்களில் ஐரோப்பியர்கள் சில நூறு பேர்தான். மற்றவர்கள் எல்லாரும் கும்பினியின் சம்பளத்துக்குச் சிவப்புச் சட்டை மாட்டிக்கொண்ட நம் தேசத்துச் சிப்பாய்கள்.

"ஐந்து பேருக்கு மட்டும் வெள்ளை நிறம் போடுங்கள். பாக்கி 33 பேரும் நம்மவர்கள்" என்றேன்.

"எதிர்த் தரப்பு?"

"அவர்களும் பெரும்பாலும் நம்மவர்கள்தான்."

பெரியவர் சிரிக்கவில்லை. "அப்ப ஒரே கிண்ணத்திலே கலந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு, மாநிற வர்ணத்தைக் குழைக்க ஆரம்பித்தார்.

முகம் உலர்ந்த பிறகு கண் எழுதினார். எந்தப் பொம்மைக்கும் கண்ணைத்தான் கடைசியில் எழுதுவது வழக்கம். அதற்குக் 'கண் திறப்பது' என்று பெயர். மெல்லிய தூரிகையால் புருவம், மேல் இமை, கடைசியில் கருவிழி. அரை நிமிஷத்தில் ஒரு மனிதன் நம்மைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான். என் மருமான் பக்கத்தில் உட்கார்ந்து தானும் எழுதுவேன் என்று பிடிவாதம் பிடித்தான். பெரியவர் ஒரு சிப்பாயை அவனிடம் கொடுத்தார். பயலுடைய கை நடுங்கியதில் அந்தச் சிப்பாய்க்கு மாறுகண் அமைந்துவிட்டது. திருத்திக் கொடுப்பதாகச் சொன்னபோது பயல் சம்மதிக்கவில்லை. "இவன் அப்படியே இருக்கட்டும். இவனை எனக்கு அடையாளம் தெரியும்" என்றான்.

கல்லில் ஒரு பட்டாளம்

மறுநாள் அவனையும் அழைத்துக்கொண்டு பெரிய காஞ்சிபுரத்தில் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். கோயில்களுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இந்தக் கோயிலுக்கு வரும் கூட்டம் குறைவு. ஆனால் சரித்திரத்தில் பிரியமுள்ளவர்கள் காஞ்சியில் ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்கலாம் என்றால், இதைப் பார்க்கும்படியே சொல்வேன். எட்டாம் நூற்றாண்டில் நந்திவர்ம பல்லவமல்லன் எழுப்பிய கோயில். கருவறையைச் சுற்றிச் சிங்கத் தூண்கள் தாங்கும் திருச்சுற்று மாளிகை. அதன் சுவரில் பல்லவ வம்சத்தின் கதை முழுவதும் இரண்டு வரிசைகளாகச் சிற்பத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. பட்டாபிஷேகங்கள், தூதுகள், யானைப் படை, குதிரைப் படை, வாளும் கேடயமும் ஏந்திய காலாட்கள். ஒவ்வொருவனும் ஏறக்குறையப் பொம்மை அளவுதான். மணற்கல்லாதலால் பல முகங்கள் உதிர்ந்துவிட்டன.

இந்தச் சிற்பங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்து, இன்ன காட்சி இன்ன அரசனுடையது என்று விளக்கியவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. டாக்டர் சி. மீனாக்ஷி அம்மையார், இச்சிற்பங்களைப் பற்றிய தம் நூல் 1941-இல் வெளிவருவதற்கு முன்பே இளம் வயதில் காலமாகிவிட்டார். சந்ததியில்லாமல் போன பல்லவ சிம்மாசனத்துக்குப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைத் தேடி அழைத்துவந்து முடிசூட்டிய வரலாறு இங்கே கல்லில் இருக்கிறது. அந்தப் பையன்தான் பின்னால் இக்கோயிலைக் கட்டிய பல்லவமல்லன். "என்னைவிடச் சின்னவன்!" என்று என் மருமான் அந்தச் சிற்பத்தின் எதிரில் வெகு நேரம் நின்றான்.

சின்னக் காஞ்சிக்குத் திரும்பியதும் வரதராஜர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துக்குப் போனோம். விஜயநகர காலத்துச் சிற்பிகள் அங்கே தூணுக்குத் தூண் பாயும் குதிரைகளையும் அவற்றின்மேல் வீரர்களையும் நிறுத்தியிருக்கிறார்கள். மண்டபத்தின் மூலையில் தொங்கும் கல் சங்கிலியைப் பார்க்கத்தான் எல்லாரும் வருகிறார்கள். பயல் மட்டும் குனிந்து குதிரைகளின் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலைக்கு மேல் குளம்பைத் தூக்கிய குதிரையின் கீழே சின்னஞ்சிறு காலாட்கள் இருந்தார்கள்.

புள்ளலூர்

காஞ்சிக்கு வடக்கே, சுமார் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால், புள்ளலூர் கிராமம் இருக்கிறது. வயல், பனைமரம், ஏரிக்கரை. வழிப்போக்கர்கள் வண்டியை நிறுத்திப் பார்க்கும்படி அங்கே எதுவும் இல்லை. ஆனால் அந்த மண்ணில் இரண்டு யுகங்களில் இரத்தம் சிந்தியிருக்கிறது.

ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் புள்ளலூரில் பகைவர்களை நாசம் செய்ததாகக் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. 634-ஆம் ஆண்டின் ஐஹொளெக் கல்வெட்டோ, சளுக்கிய புலிகேசி பல்லவனைக் காஞ்சியின் மதிலுக்குப் பின்னே ஒளியச் செய்ததாகக் கூறுகிறது. எழுதுகிறவன் யார் என்பதைப் பொறுத்து யுத்தத்தின் முடிவு மாறும் என்பதற்கு, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

1780-ஆம் வருஷத்தில் நடந்ததற்கு இரண்டாவது கட்சி கிடையாது. ஆங்கிலேயர் அதைப் பொள்ளிலூர் என்று எழுதினார்கள். அவ்வருஷம் ஜூலை மாதத்தில் ஹைதர் அலி பெருஞ்சேனையுடன் கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். அவருடைய குதிரைப் படை வந்த வழியில் கிராமங்கள் எரிந்தன. அதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. கும்பினித் தளபதி ஸர் ஹெக்டர் மன்றோ ஐயாயிரத்துச் சொச்சம் பேருடன் காஞ்சிபுரத்தில் கூடாரம் அடித்தார். வடக்கேயிருந்து கர்னல் பெய்லி அவருடன் வந்து சேர வேண்டும். செப்டம்பர் 6-ஆம் தேதி பெரம்பாக்கத்தருகே திப்பு பெய்லியைத் தாக்கினார். மன்றோ ஆயிரம் பேரை உதவிக்கு அனுப்பினார். 9-ஆம் தேதி இரவு பெய்லி புறப்பட்டார். விடிவதற்குள் காஞ்சியை நெருங்கியிருக்கலாம். வழியில் படையை நிறுத்தி, பொழுது விடியட்டும் என்று தங்கிவிட்டார். 10-ஆம் தேதி காலையில் ஹைதரும் திப்புவும் இருபுறமும் சூழ்ந்தார்கள். பீரங்கிக் குண்டுகளும் மைசூர் ராக்கெட்டுகளும் பறந்தன. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. அன்று பொழுது ஏறுவதற்குள் அந்தப் படை இல்லாமற்போயிற்று. பெய்லி சிறைப்பட்டு, 1782-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்தார். மன்றோ தம்முடைய கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னையை நோக்கிப் பின்வாங்கினார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784-இல் அமைந்த தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு சுல்தான் இந்த வெற்றியைச் சித்திரமாகத் தீட்டி வைத்தார். பல்லக்கில் பெய்லியும், வெடிக்கும் வண்டியும், சிவப்புச் சட்டைச் சதுரமும் அதில் உண்டு.

புள்ளலூர் வயல்களுக்கு நடுவில் கூர்நுனித் தூண்கள் இரண்டு நிற்கின்றன. தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் உள்ளவை. அடுத்த வருஷம், 1781 ஆகஸ்டு 27-ஆம் தேதி, இதே இடத்தில் நடந்த இரண்டாவது சண்டையில் மாண்ட ஜார்ஜ் பிரௌன், ஜேம்ஸ் ஹிஸ்லாப் என்னும் இரண்டு வெள்ளை அதிகாரிகளின் சமாதிகள் அவை. என் மருமான் தூண்களைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"மாமா, நம்ம 33 பேருக்குத் தூண் எங்கே?"

"இல்லை."

"ஹைதர் பக்கத்து ஆளுக்கு?"

"அதுவும் இல்லை."

அங்கே வேறு யாரும் இல்லை. ஏரிக்கரைமேல் ஒருவர் மாடு ஓட்டிக்கொண்டு போனார்.

கூடத்தில் யுத்தம்

அன்று இரவு யுத்தம் ஆரம்பமாயிற்று. பிரஷ்ய தேசத்து அதிகாரியான ரைஸ்விட்ஸ் என்பவர் 1824-இல் தம் ராணுவத்துக்கு ஒரு யுத்த விளையாட்டைக் கொடுத்தார். அதில் எதிரியின் காய்கள் நம் கண்ணுக்குத் தெரியா. நடுவர் ஒருவர் வந்து, அந்தத் தளபதிக்கு உண்மையில் என்ன தெரிந்திருக்குமோ அதை மட்டும் சொல்வார். அந்த முறையையே நாங்கள் கைக்கொண்டோம். கூடத்துத் தரையில் சுண்ணக்கட்டியால் ஏரியும் பனந்தோப்பும் வரைந்தோம். ஹைதர் அலி, என் மருமான். போர்வைத் திரைக்குப் பின்னால் இருந்தான். பெய்லி, காலேஜில் படிக்கும் அவன் அக்கா. வெடிமருந்து வண்டிகளுக்குத் தீப்பெட்டிகள். வெற்றி தோல்விக்குத் தாயக்கட்டை. மன்றோவுக்குத்தான் ஆள் அகப்படவில்லை. சமையலறையைக் காஞ்சிபுரமாக்கி, என் தங்கையையே ஸர் ஹெக்டர் மன்றோ ஆக்கினோம். அவளுடைய சைன்யம் ஐம்பது புளியங்கொட்டை.

நான் நடுவர். பெய்லியிடம் போய், "ராத்திரி நடக்கிறாயா, தங்குகிறாயா?" என்றேன். அவளுக்குச் சரித்திரம் தெரியும். தெரிந்தும் யோசித்தாள். எதிரே வெறும் தரை. எதிரி எங்கே என்று தெரியாது. "ஆட்களுக்குக் களைப்பு. பீரங்கி சேற்றிலே சிக்கும். இருட்டிலே மாட்டிண்டா?" என்று சொல்லித் தங்கிவிட்டாள்!

சமையலறைக்குப் போய், "வடக்கே பீரங்கிச் சத்தம் கேட்கிறது" என்றேன்.

"யாரோட பீரங்கி?" என்றார் மன்றோ.

"தெரியாது."

"எவ்வளவு தூரம்?"

"தெரியாது."

"நான் போயிட்டா இங்கே இருக்கிற அரிசி மூட்டையை யார் பார்த்துப்பா?" மன்றோ பாலை இறக்கி வைத்துவிட்டு யோசித்தார். பத்துப் புளியங்கொட்டைகளை அனுப்பலாமா, ஐம்பதையும் அனுப்பலாமா? முடிவு செய்து ரேழி வரையில் வருவதற்குள் கூடத்தில் தாயம் விழுந்து தீப்பெட்டிகள் வெடித்துவிட்டன. மன்றோ ஏன் வரவில்லை என்று புத்தகத்தில் படித்துப் படித்து நான் இகழ்ந்திருக்கிறேன். சமையலறை வாசலில் நின்ற என் தங்கையின் முகத்தைப் பார்த்த பிறகு அந்த இகழ்ச்சி எனக்குக் குறைந்துவிட்டது.

பயலுக்கு உற்சாகம் தாங்கவில்லை. தாயம் விழ விழச் சிவப்புச் சட்டைகள் சாய்ந்தன. முன்பெல்லாம் விழுந்த ஈயச் சிப்பாய்களைக் கைநிறைய அள்ளிப் பெட்டியில் போடுவான். அன்று அவ்விதம் செய்யவில்லை. ஒவ்வொருவனாக எடுத்து, மல்லாந்த முகத்தைப் பார்த்து, வரிசையாகப் படுக்க வைத்தான். கண் எழுதும்போது பக்கத்தில் இருந்தவனல்லவா? கடைசி வரிசையில் தாயம் மாறுகண் சிப்பாயின்மேல் விழுந்தது.

"மாமா, இவன் மட்டும் தப்பிக்கலாமா?" என்றான் ஹைதர் அலி.

விதிப்படி அது செல்லாது. ஆனால் சரித்திரத்தில் அதற்கு இடம் இருந்தது. பெய்லி தோற்ற செய்தி மன்றோவுக்கு ஒரு காயம்பட்ட சிப்பாயின் வாயிலாகத்தான் எட்டியது. அவன் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அதைச் சொன்னேன். பயல் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சிப்பாயின் தலையில் ஒரு துண்டு வெள்ளைத் துணியைச் சுற்றி, இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, கூடத்தைக் கடந்து, ரேழியைக் கடந்து, சமையலறைக்குப் போனான்.

"அம்மா, எல்லாரும் போயிட்டா. இவன்தான் சொல்ல வந்திருக்கான்."

என் தங்கை அவனை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "பாவம், இவனுக்குக் கண் கோணலா இருக்கே" என்றாள்.

யுத்தம் அத்துடன் முடிந்தது. நவராத்திரியில் 97 பேர் பக்கத்துப் பலகையில் அணிவகுத்து நின்றார்கள். மாறுகண் சிப்பாயை மட்டும் என் தங்கை தானாகவே எடுத்துக் கொலுவின் கீழ்ப்படியில், செட்டியாருக்கும் செட்டிச்சிக்கும் பக்கத்தில், தலைக்கட்டுடன் நிறுத்தினாள். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்தவர்கள் எல்லாரும், "இது யாரு, புதுசா இருக்கே?" என்று கேட்டார்கள். என் மருமான் உடனே ஹைதர் அலியில் ஆரம்பிப்பான். அவன் புள்ளலூரை எட்டுவதற்குள் கையில் கொடுத்த சுண்டல் ஆறிப்போய்விடும். ஆனாலும் யாரும் பாதியில் எழுந்து போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.